சிவப்புச் சாயம் வெளுப்பதேன்?

ஒருவருடைய போலித்தனம் வெளிப்பட்டுவிட்டால், "சாயம் வெளுத்துவிட்டது" என்கிறோம். பேச்சு வழக்கில் சாயம் வெளுத்தல் பொய்மைக்கு அடையாளம். ஆனால், வாசலில் நிற்கும் காரின் சாயம் வெளுப்பதற்குக் காரணம் கதிரவனே. வாங்கியபோது செம்பருத்திபோல் ஒளிர்ந்த சிவப்புக் கார், பல்லாண்டு வெயிலில் நின்றபின் கூரையிலும் பானெட்டிலும் சுண்ணாம்பு படிந்ததுபோல் இளஞ்சிவப்பாகி நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் இவ்வாறு பொலிவிழப்பதை வாளா பார்த்திருக்க வேண்டியதில்லை. இதன் காரணத்தை அறிந்தால் தடுக்கும் வழியும் புலப்படும்.

நிறத்தின் தோற்றம்

வெள்ளொளி பல நிறங்களின் கூட்டு என்பதை நியூட்டன் முப்பட்டகக் கண்ணாடியைக் கொண்டு மெய்ப்பித்தார். செம்பொருள் ஒன்றின்மீது அவ்வொளி படும்போது, அது நீலத்தையும் பச்சையையும் விழுங்கிக்கொண்டு சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அதனையே நம் கண் காண்கிறது. ஒளியலை குறுகக் குறுக அதன் ஆற்றல் பெருகும். சிவப்பைவிட நீலம் வலியது. ஊதா அதனினும் வலியது. கண்ணுக்குப் புலனாகாத புறஊதா எல்லாவற்றிலும் வலியது. 1801 இல் ரிட்டர் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி கண்டறிந்த கதிர் இது.

சாயத்திற்கு நிறம் தருவன நிறமிகள் என்னும் நுண்துகள்கள். அவற்றின் மூலக்கூறுகள் வலிய கதிர்களை விழுங்கும்போது, அந்த ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளிவிட வேண்டும். முடியாதபோது மூலக்கூறின் பிணைப்பு அறுகிறது. அறுந்த மூலக்கூறு ஒளியைப் பழையபடி விழுங்காது. ஆகவே நிறமும் தோன்றாது. இதுவே வெளுத்தல்.

சிவப்பு மட்டும் ஏன்?

சிவப்பு வலிய கதிர்களை விழுங்குவதால் வெளுக்கிறது என்று சொல்லி நிறுத்துவோர் உண்டு. அது பாதி உண்மையே. கருப்பு எல்லாக் கதிர்களையும் விழுங்குகிறதே, அது வெளுப்பதில்லையே! கருஞ்சாயத்தின் நிறமி கரி. கரியைக் கதிரவனால் எளிதில் குலைக்க இயலாது. நீலச் சாயங்கள் பலவற்றில் உள்ள தாலோசயனின் என்னும் நிறமியும் செம்பணு ஒன்றை நடுவில் வைத்துக் கட்டிய உறுதியான வளையம். ஆகவே குற்றம் நிறத்தில் இல்லை. நிறமியின் கட்டமைப்பிலேதான் இருக்கிறது.

சிவப்பிலும் வெளுக்காத வகை உண்டு. நம் கோயில் மதில்களில் வெள்ளைப் பட்டைகளுக்கிடையே தீட்டப்பெறும் காவியே அது. காவி என்பது இரும்புத் துரு கலந்த மண். துரு ஏற்கெனவே ஆக்சிஜனோடு கூடி முடிந்த பொருளாதலால், வெயில் அதனை மேலும் மாற்ற வல்லதன்று. ஆனால் காவியில் பழுப்பு கலந்திருக்கும்; காருக்கு வேண்டிய பளிச்சென்ற சிவப்பு அதில் கிடைக்காது. அதற்குக் கரிமச் சேர்மங்களையே நாட வேண்டியிருந்தது. பழைய கார்ச் சாயங்களில் பயன்பட்ட அத்தகைய நிறமிகள் பல, வெயிலுக்கு ஆற்றாதவை.

ஓவியர்களும் இதனால் இழந்தது உண்டு. வான்கோ 1888 இல் தீட்டிய படுக்கையறை ஓவியத்தின் சுவர்கள் முதலில் ஊதா நிறம் கொண்டவை. கலவையிலிருந்த சிவப்பு மறைந்துபோக, இன்று நாம் காண்பது நீலச் சுவர்களை.

பின்னர் உறுதியான செந்நிறமிகள் வந்தன. 1958 இல் குயினாக்ரிடோன் வகை விற்பனைக்கு வந்தது. 1980களில் வந்த மற்றொரு வகைக்குப் பெராரிக் கார்களை ஒட்டி 'பெராரிச் சிவப்பு' என்றே பெயர் வழங்கலாயிற்று. இன்றைய கார்களில் நிறப்பூச்சின்மேல் நிறமற்ற மேற்பூச்சு ஒன்றும் உண்டு. அதில் கலந்துள்ள பொருள்கள் புறஊதாவை விழுங்கி வெப்பமாக மாற்றிவிடுகின்றன. ஆயினும் மேற்பூச்சும் அழியாததன்று. நிலநடுக்கோட்டை அடுத்த மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நண்பகல் வெயில் ஆண்டு முழுவதும் உச்சியிலிருந்து விழுகிறது. அதனால்தான் கதவுகளுக்கு முன்னரே கூரையும் பானெட்டும் கெடுகின்றன.

காக்கும் வழிகள்

முதல் வழி நிழல். கூரையுள்ள இடத்தில் நிறுத்துவதற்கு ஈடான மருந்து வேறில்லை. மேகமூட்டத்தையும் ஊடுருவிப் புறஊதா வருமாதலால், மழைநாளென்று வெளியில் விட்டுவிடலாகாது. உறையிடுவோர் வண்டியைக் கழுவிய பின்னரே இடவேண்டும். இடையிலுள்ள தூசி சாயத்தைக் கீறும். மரநிழல் நல்லதே, ஆயின் பறவை எச்சமும் மரப்பாலும் விழுந்தால் உடனே கழுவிவிட வேண்டும். வெயிலில் காய்ந்தால் அவை மேற்பூச்சை அரித்துவிடும்.

கழுவுவதற்குக் காருக்குரிய மென்மையான சோப்பு போதும். மெழுகு பூசினால் நீரும் அழுக்கும் ஒட்டா. ஆனால் மெழுகு ஒன்றே புறஊதாவைத் தடுத்துவிடும் என்று நம்பலாகாது. புறஊதாவைத் தடுக்கும் பொருள் கலந்த ஒளிபுகு படலத்தை ஒட்டிக்கொள்வதும் உண்டு, செலவு அதிகம்.

மெருகேற்றுவதில் எச்சரிக்கை வேண்டும். மெருகு என்பது மேலடுக்கைத் தேய்த்து எடுப்பதே. மறைவான ஓரிடத்தில் வெள்ளைத் துணியால் சிறிது மெருகேற்றிப் பாருங்கள். துணி சிவந்தால் அது மேற்பூச்சில்லாத பழைய சாயம்; வெளுத்த தோலை மெல்ல நீக்கினால் அடியிலுள்ள செம்மை வெளிவரும். துணி சிவக்கவில்லையெனில் தேய்வது மேற்பூச்சு. அடிக்கடி தேய்த்தால், சாயத்தைக் காக்கும் கவசத்தை நாமே அழித்தவராவோம். மேற்பூச்சு உரிந்து வெண்திட்டுகள் தோன்றிவிட்டால் எம்மெழுகும் பயன்படாது. அப்பகுதிக்குப் புதிதாகச் சாயம் பூசுவதே வழி.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும் செய்து காட்டலாம். சிவப்பு, நீலம், மஞ்சள் வண்ணத்தாள்களைப் பாதி மட்டும் கனத்த அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் வையுங்கள். சில வாரங்களுக்குப் பின் அட்டையை எடுத்துப் பாருங்கள். எந்தத் தாள் எவ்வளவு வெளுத்தது என்பதை மாணவர்களே கூறுவர். ஏன் என்றும் கேட்பர். அக்கேள்விக்கு விடை தேடுவதிலேதான் விஞ்ஞானப் பாடம் தொடங்குகிறது.