மச்சமும் மருத்துவமும்

மேனியில் ஒரு மச்சம் தோன்றினால் அதற்குப் பலன் கேட்பது நம்மவர் வழக்கம். வலப்புறமாயின் ஒரு பலன், இடப்புறமாயின் வேறொரு பலன் என மூதாட்டியர் கூறக் கேட்டே நாமும் வளர்ந்தோம். ஆயினும் சில குழந்தைகளின் உடலில் எழும் மச்சத்துக்குச் சாத்திரம் உதவாது, வைத்தியரே வேண்டும்.

பிறவியிலேயே தோல் கொப்புளிக்கும் நோயொன்று உண்டு. ஜெர்மானிய மருத்துவர் கேப்னர் 1886ஆம் ஆண்டில் இதற்கு ‘எபிடெர்மொலைசிஸ் புல்லோசா’ எனப் பெயரிட்டார். தோலை உறுதியாகப் பிணைத்துவைக்கும் புரதங்களுள் ஒன்று குறைபடுவதால், சட்டையின் தையல் உரசினும் கொப்புளம் எழும். இது தொற்றுநோய் அன்று; பெற்றோர் செய்த பாவமும் அன்று. இதன் சில வகைகளில், தாமும் நோயுறாது குறையை மட்டும் தாங்கிய தாய் தந்தையர் இருவரிடமிருந்தும் அக்குறை வந்து சேர்ந்தாலே குழந்தை நோயுறும். அத்தகையோருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. மச்சான் மச்சாள் மணவுறவு வழங்கிவரும் நம் குடாநாட்டார் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

கொப்புளம் ஆறிய இடத்திலே சிலவேளை பெரிய கருமச்சம் விரைந்து தோன்றும். ஓரம் ஒழுங்கற்றிருக்கும்; ஓரிடம் கருமை, ஓரிடம் கபிலம். மெலனோமா என்னும் கொடிய புற்றின் அடையாளங்களே இவை எனக் கண்டோர் நடுங்குவர். ஒஸ்திரியாவின் சல்ஸ்பேர்க் நகர மருத்துவர்கள் இம்மச்சங்களை ஆராய்ந்து 2001இல் வெளியிட்டனர். தோற்றம் அச்சுறுத்தினும் இவை பெரும்பாலும் தீங்கற்றவை. காலப்போக்கில் நிறம் மங்குவதும் உண்டு. ஆகவே கண்டவுடன் வெட்டியெறிய வேண்டுவதில்லை. ஆனால் வாளாவிருத்தலும் தகாது. தோல்நோய் நிபுணர் உருப்பெருக்கியால் நோக்கிப் படம் பிடித்து வைத்து, மாறுதலைக் காலந்தோறும் ஒப்பிடுவர். ஐயம் எழின் சிறு துண்டெடுத்துச் சோதிப்பர்.

மெய்யான ஆபத்து வேறிடத்தில் உள்ளது. நோயின் கடுமையான வகையில், நெடுநாள் ஆறாத புண்ணிலே வேறொரு தோற்புற்று இளவயதிலேயே தோன்றக்கூடும். மச்சத்தை நோக்கும் கண் ஆறாத புண்ணையும் நோக்குக.

1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், பின்னர் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அம்மண்ணிற் பிறந்த நாம் ஒரு நோயை அறிந்துகொள்ள மொழி தடையென்று கூறல் இயலாது.

மாணவர்களே, உங்கள் வகுப்பில் இந்நோயுற்ற தோழன் ஒருவன் இருப்பின், ஒட்டிக்கொள்ளும் என்றஞ்சி விலகாதீர். அவனை இடித்துத் தள்ளாது அருகிருத்திக்கொள்ளுங்கள். அவனுக்கு நீங்கள் செய்யத்தக்க வைத்தியம் அதுவே.