கிதார் பெல்ட்டும் நம் தோளும்

சென்ற மாதம் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் இல்லத் திருமண வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. மேடை ஓரத்தில் பேஸ் கிதார் வாசித்த பிள்ளை நமக்குத் தெரிந்தவன்தான். கடைத்தெருவில் மளிகை நடத்தும் நண்பரின் மகன். பகலில் அப்பாவோடு கடை, இரவில் கச்சேரி. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டான். எட்டாவது பாட்டுக்கு நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் மண்டிக்கு வந்த நண்பரிடம் விசாரித்தோம்.

"கடையிலே சிப்பத்தைத் தூக்கச் சொன்னா தோள் வலிக்குதுங்கிறான் அண்ணே. அந்தக் கட்டையை மாட்டிக்கிட்டு நாலு மணி நேரம் நிக்க மட்டும் முடியுது. அதை வித்துடுடான்னு சொல்லிட்டேன்" என்றார்.

பையனுக்குச் சோம்பல் என்பது அவர் எண்ணம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நாற்பது ஆண்டுகளாக மூட்டை ஏற்றி இறக்குவதைப் பார்த்து வருகிறோம். வலி எது, சாக்கு எது என்று முகத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். கிதாரை எடுத்துக்கொண்டு மண்டிக்கு வரும்படி பையனுக்குச் சொல்லி அனுப்பினோம்.

பேஸ் கிதார் என்றால் என்ன என்று நம் வணிகர்களில் சிலர் கேட்கக்கூடும். சினிமாப் பாட்டில் தாளத்தோடு ஒட்டிக்கொண்டு அடியில் கனமாக நடந்து வரும் ஒலி அதனுடையது. ஏ.ஆர்.ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்த பேஸைக் கேட்காத காது தமிழ்நாட்டில் இருக்காது. முன்னாளில் ஆள் உயரத்தையும் மிஞ்சிய டபுள் பேஸ் என்ற கருவியைத் தரையில் நிறுத்தித்தான் இந்த ஒலியை எழுப்பினார்கள். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தோளில் மாட்டி வாசிக்கும் மின்சார பேஸ் கிதாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அது பரவியதும், தரை தாங்கிய பாரம் வாசிப்பவன் தோளுக்கு ஏறிவிட்டது.

பையன் வந்தான். முதலில் கிதாரை நம் தராசில் வைத்தோம். 4 கிலோ 350 கிராம். சர்க்கரை 100 கிலோ மூட்டையாக வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு எடையா என்று தோன்றும். ஆனால் மூட்டை தூக்குபவர் தலையில் சும்மாடு உண்டு. லாரியிலிருந்து குடோன் வரை நடந்தால் பாரம் இறங்கிவிடும். இந்தப் பிள்ளைக்கோ மூன்று நான்கு மணி நேரம் ஒரே தோளில், அதுவும் 2 அங்குல நைலான் பெல்ட்டில் தொங்குகிறது. மெல்லிய கைப்பிடி உள்ள பையில் 5 கிலோ சாமான் வாங்கித் தெருமுனை வரை நடந்தால் விரலில் கோடு விழுகிறதே, அதே கதைதான்.

சட்டையை விலக்கச் சொன்னோம். கழுத்தை ஒட்டிச் சிவப்பாக ஒரு தடம்.

"விரல் மரத்துப் போகுதா தம்பி?"

"ஆமாம் பெரியப்பா. சுண்டு விரலும் மோதிர விரலும்."

கைக்குப் போகும் நரம்புகள் காறை எலும்புக்கு அடியில்தான் செல்கின்றன. மரத்துப் போவது வரை வந்துவிட்டால் பெல்ட் மாற்றினால் மட்டும் போதாது என்று அன்றே டாக்டரிடம் அனுப்பினோம். ஒரு மாதம் இடது தோளில் எந்தச் சுமையும் ஏற்றக்கூடாது என்றார் அவர். நண்பர் அதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை.

பிறகுதான் பெல்ட் விவகாரம். அகலம் முதல் விஷயம். 2 அங்குலத்தை 4 அங்குலமாக்கினால் அதே பாரம் இரண்டு பங்கு இடத்தில் பரவுகிறது. அதற்காக மிக அகலமாகப் போனால் மெலிந்த உடம்புக்காரர்களின் கழுத்தில் ஓரம் உரசும். நம் பையனுக்கு மூன்றரை அங்குலம் சரியாக இருந்தது.

அகலத்தைவிட உட்புறம் முக்கியம் என்பது நமக்குப் புதிய செய்தி. பேஸ் கிதாரின் கழுத்து நீளமானது. முனையில் நான்கு பெரிய முறுக்காணிகள் வேறு. நைலான் சட்டையில் வழுக்கும். கழுத்து கீழே சாயும். இடது கை வாசிக்கும் வேலையோடு அதைத் தாங்கும் வேலையையும் செய்யும். மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் எடுத்துப் பார்க்கச் சொன்னோம். தராசுத் தட்டு மாதிரி உடனே சாய்ந்தது. சொரசொரப்பான தோல் உட்புறம் இருந்தால் சட்டையைப் பிடித்து நிற்கும்.

கடையில் ரப்பர் போல இழுபடும் மெத்தென்ற பெல்ட்டும் கிடைக்கிறது. மாட்டியதும் பாரமே இல்லாதது போலத் தோன்றும். ஆனால் நடந்தால் கிதார் மேலும் கீழும் ஆடும். மென்மையான பஞ்சு வைத்ததும் நாளடைவில் பழைய தலையணை போல அமுங்கிவிடும். மாசி மகத்தில் விருத்தகிரீஸ்வரர் கோயில் சுவாமி புறப்பாட்டில் தவில் வாசித்துக்கொண்டு நடப்பவர்களைப் பாருங்கள். இழுபடாத துணிப் பட்டைதான் போட்டிருப்பார்கள். தேவைப்பட்டால் அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்வார்கள்.

பெல்ட்டின் இரு முனைத் துளைகளையும் பார்க்க வேண்டும். துளை தளர்ந்தால் கிதார் பொத்தானிலிருந்து நழுவிவிடும். பீங்கான் ஊர்க்காரர்களான நமக்குக் கைநழுவிய சரக்கின் கதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாடுகளில் மூடி வைத்த பீர் பாட்டிலின் ரப்பர் வாஷரைப் பொத்தான்மேல் மாட்டி நழுவாமல் காப்பார்களாம். திருகிப் பூட்டும் சாதனமும் தனியாக விற்கிறது.

சென்னை பெரியமேட்டில் தடித்த மாட்டுத்தோல் துண்டு ஒன்று வாங்கி வரச் செய்தோம். ஆட்டுத்தோல் மெத்தென்று இருக்கும், ஆனால் நாளாக ஆக நீண்டுவிடும். பஸ் நிலையம் அருகே செருப்புத் தைக்கும் பெரியவர், சொரசொரப்புப் பக்கம் உள்ளே வரும்படி வைத்து, ஓரத்தைத் தேய்த்து மழமழப்பாக்கித் தைத்துக் கொடுத்தார். தோலும் கூலியுமாக 900 ரூபாய் ஆயிற்று. பையனை முக்காலியில் உட்காரவைத்து, கிதார் மடியில் எந்த உயரத்தில் இருக்கிறதோ, எழுந்து நின்றாலும் அதே உயரத்தில் நிற்கும்படி நீளத்தைக் குறித்தோம். சினிமாவில் வருவதுபோல் முழங்கால் வரை தொங்கவிடத்தான் அவனுக்கு ஆசை. அப்படித் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு மடங்கியே இருக்கும் என்று காட்டியதும் ஒப்புக்கொண்டான்.

டாக்டர் சொன்ன ஒரு மாதம் முடிந்து, சென்ற ஞாயிற்றுக்கிழமை கச்சேரியில் கடைசிப் பாட்டு வரை நின்றே வாசித்தான். நண்பர் முன்வரிசையில் இருந்தார். கிதாரை விற்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை. கடையில் சிப்பம் இறக்க வேறு ஆள் வைத்திருக்கிறார்.

தோலில் ஒரு முழம் மீதம் இருந்தது. நம் வசூல் தம்பி, பில் புத்தகமும் சாம்பிளுமாகப் பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு லைன் முழுதும் சுற்றுகிறான். அந்தப் பைக்கும் ஒரு பட்டை தைக்கக் கொடுத்திருக்கிறோம்.