தயிர் நுண்ணுயிர் தரும் காவற்பொருள்

மங்கில் இறங்கிய ரப்பர் பாலைக் காலத்தில் சேர்க்காவிடில், அது தானே புளித்துக் கட்டிப்பாலாகிவிடும் என்பதை நம் தோட்டத் தொழிலாளர் யாவரும் அறிவர். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் பெருகி அமிலத்தை உண்டாக்குவதே இதற்குக் காரணம். அதைத் தடுக்கவே அம்மோனியா சேர்க்கப்படுகின்றது. பசுவின் பால் தயிராவதும் ஏறத்தாழ இவ்வாறே.

ஆனால், பாலைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களுள் சில, அமிலத்தோடு மற்றொரு பொருளையும் தருகின்றன. அது புரத வகையைச் சேர்ந்த ஒரு சிறு சங்கிலி. உணவுக்காகத் தம்முடன் போட்டியிடும் பிற நுண்ணுயிர்களை அழிக்க அவை ஏந்தும் ஆயுதம் அது. இவற்றுள் புகழ்பெற்றது 'நிசின்'. 1928ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்கள் இதன் செயலைக் கண்டனர். 1947இல் இங்கிலாந்தில் இதற்குப் பெயர் சூட்டப்பட்டது. 1969இல் உலக நிபுணர் குழு இதனை உணவுக் காப்புப் பொருளாக ஏற்றது. பாலாடைக்கட்டியும் டின் உணவும் கெடாதிருக்க இது உதவுகின்றது.

நம் நாட்டிலும் இத்துறையில் ஆய்வு நடைபெற்றுள்ளது. ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் செழித்திருந்த நிலமே 1978இல் சிலாங்கூரின் தலைநகராகிய ஷா ஆலம். அதே மாநிலத்தின் செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலர்ந்த தயிரிலிருந்து இத்தகைய நுண்ணுயிர் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். உணவை நஞ்சாக்கும் லிஸ்டீரியா கிருமியை அது அடக்குவதை அவர்கள் கண்டறிந்து, 2012இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர்.

இக்காவற்பொருளை மிகுதியாகப் பெறுவது எளிதன்று. அதற்கு மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, நுண்ணுயிர் தான் உண்டாக்கும் அமிலத்தாலேயே தளர்ந்துவிடுகின்றது. ஆகவே நொதிக்கலத்தில் காரப்பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் புளிப்பை அளவோடு நிறுத்துகின்றனர். ரப்பர் பாலில் அம்மோனியா நுண்ணுயிரை அடக்குகின்றது. இங்கோ காரம் அதன் உழைப்பை நீட்டிக்கின்றது. இரண்டாவது, விளைந்த நிசினில் ஒரு பகுதி நுண்ணுயிரின் மேலேயே ஒட்டிக்கொள்கின்றது. நொதித்தல் முடிந்தபின் அமிலத்தைக் கூட்டினால் அது கழன்று நீரில் கலக்கும். வேளை தவறினால் விளைந்ததும் குறையும். பால் வெட்டுக்கு வேளை உண்டல்லவா, அதுபோலவே இதற்கும் உண்டு. மூன்றாவது, நுண்ணுயிருக்கு இடும் தீனியின் விலை. பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் பால்நீரைத் தீனியாக்கினால் செலவு குறையும்; வீணாகும் பொருளும் பயன்படும்.

ஒன்றை நாம் மறத்தலாகாது. நிசின் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. பூஞ்சணமும் ஈஸ்டும் அதற்கு அடங்கா. வீட்டுத் தயிரில் இப்பொருள் போதிய அளவு இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. எனவே, பாலை நன்கு காய்ச்சுவோம். உறை ஊற்றும் பாத்திரத்தைச் சுடுநீரால் கழுவுவோம். பூஞ்சணம் படர்ந்த தயிரைத் தயங்காது கொட்டிவிடுவோம். எந்தக் காவற்பொருளும் தூய்மைக்கு ஈடாகாது.