இளஞ்சோளத்துக்குக் கூடும் விருந்தினர்: மகாராஷ்டிர வயல்களில் ‘ஹுர்டா’ சுற்றுலா

புனே: மகாராஷ்டிரத்தின் புனே, சோலாப்பூர், அகில்யாநகர் மாவட்டங்களில் பரம்பரையாக வேளாண்மை செய்யும் குடும்பங்கள் பல, குளிர்காலத்தில் தங்கள் வயல்களைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடுகின்றன. பயணிகளை ஈர்ப்பது ‘ஹுர்டா’ எனப்படும் இளஞ்சோளம்.

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைக்கப்படும் சோளம், டிசம்பர் இறுதியிலிருந்து பால் பிடித்து முற்றத் தொடங்குகிறது. மணிகள் பச்சையாகவும் மென்மையாகவும் இருக்கும்போதே கதிர்களை அறுத்து, குழியில் மூட்டிய வறட்டித் தணலில் வாட்டுகின்றனர். சூடு ஆறுமுன் உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதினால் இனிப்பான மணிகள் எஞ்சும். நிலக்கடலைச் சட்னி, வெல்லம், தயிர் ஆகியவை உடன் பரிமாறப்படுகின்றன.

உறவினரையும் நண்பர்களையும் வயலுக்கு அழைத்து ஹுர்டா விருந்தளிப்பது அப்பகுதியின் நெடுங்கால வழக்கமாகும். விலையின்றி அளிக்கப்பட்ட அவ்விருந்துக்கு இன்று புனே, மும்பை நகரவாசிகள் கட்டணம் செலுத்துகின்றனர். மாட்டு வண்டிப் பயணமும் மதிய உணவும் பெரும்பாலும் அதில் அடங்கும்.

பாராமதி அருகே பால்ஷிவாடியில் வேளாண் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியதைத் தொடர்ந்து இத்தொழில் பரவியது. இதற்கெனத் தனிக் கொள்கையை மாநில அரசு 2020-இல் வகுத்தது. சுற்றுலா இயக்ககத்தில் பதிவு செய்யும் விவசாயிகள் சான்றிதழ் பெறலாம்.

இதன் பயன் சுற்றுலாவோடு நின்றுவிடவில்லை. பாசன வசதி கிடைத்த இடங்களில் சோளத்தைக் கரும்பு பின்தள்ளி வருகிறது. கையால் அறுத்துக் கதிரடிக்க ஆள் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. ஹுர்டாவுக்காக அறுக்கும்போது கதிரடிப்புச் செலவு இல்லை. தட்டையும் கால்நடைத் தீவனமாகிறது. மானாவாரி நிலத்தில் சோளத்தைத் தொடர்ந்து பயிரிட இவ்வருவாய் ஒரு காரணமாகிறது.

சிக்கல், காலத்தில்தான் உள்ளது. ஒரு வயலின் கதிர்கள் சில நாள்களே ஹுர்டா பதத்தில் நிற்கும். விருந்தினரோ பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில்தான் வருவர். எனவே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து, சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து விதைக்கின்றனர். உமி எளிதில் கழலும் ‘சுர்தி’, ‘குல்பேண்டி’ போன்ற இரகங்களுக்கு முன்னுரிமை தரப்படுகிறது. எனினும், ஜனவரியில் பருவம் தவறிய மழை பெய்தால் கதிர், விருந்தினர் வருகை இரண்டுமே பாதிக்கப்படும். அந்த இழப்பை ஈடுசெய்ய அவ்வாண்டில் வேறு பருவம் இல்லை.

விருந்தினருக்குப் போக எஞ்சும் கதிர்கள் வயலிலேயே முற்றவிடப்பட்டு, குடும்பத்தின் ‘பாக்ரி’ ரொட்டிக்கான தானியமாகின்றன.