பழைய மோட்டார் சைக்கிளும் புதிய கைத்தொழிலும்

முப்பது நாற்பது வருஷங்களுக்கு முன் செய்த மோட்டார் சைக்கிளைத் தேடிப் பிடித்து வாங்குவதும், அதன் உறுப்புகளுக்காகச் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் நாட்கணக்காக அலைவதும், அது மறுபடி ஓடக் கண்டபோது பெற்ற குழந்தை நடக்கக் கண்டதுபோல் மகிழ்வதும் நம்மில் பலருக்கு ஒரு விரதமாகவே ஆகிவிட்டன. அயலார் இதைக் கண்டு நகைக்கிறார்கள். செலவிட்ட பணத்துக்குப் புது வண்டியே வாங்கியிருக்கலாமே என்று வீட்டார் கடிந்துகொள்கிறார்கள். பொழுதுபோகாதவர்களின் பழம்பொருள் மோகம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. தள்ளிவிடலாகாது என்பதே நம் அபிப்பிராயம். நாட்டின் யந்திரத் தொழிலுக்கு அவசியமான ஒரு பாடம் இந்த அபிமானத்துக்குள் அடங்கியிருக்கிறது.

பழைய புல்லட் வண்டியைக் கிளப்பும் முறையைச் சற்று நினைத்துப் பாருங்கள். சாவியைத் திருப்ப வேண்டும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே முன்விளக்கின் மேலுள்ள அம்மீட்டரைக் கவனிக்க வேண்டும். முள் நடுவுக்கு வந்ததும் டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து, சிலிண்டருக்குள் அடைபட்ட அழுத்தத்தைப் போக்கி, பிஸ்டனைச் சிறிதளவு நகர்த்த வேண்டும். அதன் பிறகே ஓங்கி உதைக்க வேண்டும். பக்குவம் தவறினால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்த்துவிடும். கியர் வலக்காலுக்கு, பிரேக் இடக்காலுக்கு. இவ்வளவும் பழகியவன் வண்டியின் உள்ளே நடப்பதை அறிந்தே தீருகிறான். பாயிண்டில் கரி பிடித்தாலும், கார்புரேட்டரில் தூசி அடைத்தாலும் சத்தத்தைக் கொண்டே கண்டுபிடிக்கிறான். இரண்டு ஸ்பானர்களைக் கொண்டு சாலையோரத்திலேயே சரிசெய்கிறான். யந்திரத்துக்கும் மனிதனுக்கும் இடையே திரையில்லாத உறவு அது. பழைய வண்டியின் அபிமானிகள் உண்மையில் காத்துவருவது இந்த உறவைத்தான்.

இந்த வண்டியின் சரித்திரமும் நாம் சிந்திக்கத்தக்கது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த என்பீல்டு கம்பெனி 1901-ம் வருஷத்தில் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. புல்லட் என்ற பெயர் 1930-க்குப் பிந்திய சில வருஷங்களில் வழங்கத் தொடங்கிற்று. சுதந்திரம் பெற்ற இந்தியாவின் சேனைக்கும் போலீஸுக்கும் எல்லைப்புறக் கரடுமுரடான பாதைகளில் ஓடக்கூடிய வண்டி தேவைப்பட்டது. அதற்குப் புல்லட்டே தகுந்தது என்று தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் மதராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் ரெட்டிச் கம்பெனியாரும் சேர்ந்து என்பீல்டு இந்தியா என்ற கம்பெனியை நிறுவினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. ஆதியில் சீமையிலிருந்து வந்த உறுப்புகளைப் பூட்டி வண்டியாக்கும் வேலை மட்டுமே இங்கு நடந்தது. 1962-க்குள் உறுப்புகள் யாவும் இங்கேயே தயாராகும் நிலை வந்துவிட்டது.

இதற்குள் தாய்த் தொழிற்சாலைக்குக் கேடுகாலம் வந்தது. ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. எஞ்சிய வேலை வேறோர் ஊரில் சில காலம் நடந்து, 1970-ல் அதுவும் நின்றது. திருவொற்றியூரோ நிற்கவில்லை. 1977-ல் இங்கே செய்த புல்லட் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. ஆசிரியனின் பள்ளிக்கூடம் இடிந்துபோக, மாணவன் அந்த ஊருக்கே பாடம் கொண்டுசென்ற விந்தை இது.

ஆசிரியன் ஏன் வீழ்ந்தான்? 1950-க்குப் பிந்திய பத்து வருஷங்களில் உலகத்து மோட்டார் சைக்கிள் தொழிலில் ஆங்கிலேயருக்குச் சமானமில்லை. பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன் என்ற பெயர்களைக் கேட்டாலே வாங்குவோர் மயங்கினார்கள். டிரையம்ப் வண்டிகளை வகுத்தமைத்த எட்வர்ட் டர்னர் 1960-ல் ஜப்பானுக்குச் சென்று அங்குள்ள தொழிற்சாலைகளைப் பார்த்துத் திரும்பி, அந்நாட்டாரின் வேகத்தையும் யந்திர வசதிகளையும் குறித்து எச்சரித்தார். எச்சரிக்கை காதில் ஏறியதாகத் தெரியவில்லை. ஜப்பானியர் சிறு வண்டிகளைச் செய்யட்டும், அவற்றில் பழகியவர்கள் பின்னால் நம்முடைய பெரிய வண்டிகளை வாங்க வருவார்கள் என்ற எண்ணமே அங்கு மேலோங்கியிருந்தது. 1969-ல் ஹோண்டா கம்பெனி 750 ஸி.ஸி. வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நான்கு சிலிண்டர்கள், பொத்தானை அழுத்தினால் கிளம்பும் வசதி, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் - எல்லாம் அதில் இருந்தன. ஆங்கிலேயரின் பெரிய வண்டிகளை அப்பொழுதும் காலால் உதைத்தே கிளப்பவேண்டியிருந்தது. எண்ணெய்க் கசிவும் தீர்ந்தபாடில்லை. 1973-ல் பி.எஸ்.ஏ., டிரையம்ப், நார்ட்டன் மூன்றையும் அரசாங்கத்தின் உதவியோடு ஒன்றாகக் கட்டிப் பார்த்தார்கள். மெரிடன் ஆலையை மூடப்போவதாக அறிவித்தவுடன் தொழிலாளிகள் அதை மறித்து உட்கார்ந்து, பின்னர்க் கூட்டுறவு முறையில் தாங்களே நடத்தியும் பார்த்தார்கள். 1983-ல் அதுவும் ஓய்ந்தது. தொழிலாளிகளின் கைத்திறனில் குறைவில்லை. லாபம் வந்த நாட்களில் புதிய யந்திரங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் பணம் போடாமல், பழம்பெருமையையே மூலதனமாக எண்ணிய முதலாளிகளின் குறுகிய நோக்கம்தான் அத்தொழிலைக் கொன்றது.

அப்படியானால் திருவொற்றியூர் பிழைத்தது அதன் மேன்மையால்தானா? நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டு வண்டிகள் உள்ளே வர வழியில்லாதபடி நம் கதவு மூடியிருந்தது. புல்லட், மைசூரில் செய்த ஜாவா, வடக்கே செய்த ராஜ்தூத் ஆகிய மூன்றுக்குள் ஒன்றை வாங்கியாக வேண்டும் என்பதே வெகுகாலம் நம்மவர் நிலை. போட்டியில்லாத இடத்தில் அபிவிருத்தியும் மெதுவாகவே நடக்கும். 1984, 1985-ம் வருஷங்களில் ஜப்பானியரோடு சேர்ந்து செய்த 100 ஸி.ஸி. வண்டிகள் வந்தன. ஓசூரிலிருந்து சுசுகியும், வடக்கேயிருந்து ஹீரோ ஹோண்டாவும், யமஹாவும் புறப்பட்டன. ஒரு லிட்டர் பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடும் வண்டிகளை ஜனங்கள் இரு கை நீட்டி வரவேற்றார்கள். மைசூர்த் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. 1994-ல் ஐஷர் கம்பெனியின் கைக்கு முழுதும் மாறிய என்பீல்டும் நோயாளியாகவே கிடந்தது. 2000-ம் வருஷ வாக்கில் அதையும் மூடிவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு வியாபாரம் சுருங்கிவிட்டது.

அந்தத் தறுவாயில் கம்பெனியைக் காத்தது எது? பழைய உருவத்தின்மீது ஜனங்கள் வைத்த அன்பு ஒரு பாதி. உருவத்துக்குள் இருந்த யந்திரத்தை மாற்றத் துணிந்தது மறு பாதி. வார்ப்பிரும்பு எஞ்சினை விடுத்து, எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஒரே கூடாக அமைந்த புதிய எஞ்சினை 2008, 2009-ம் வருஷங்களில் கொண்டுவந்தார்கள். பழைய அபிமானிகள் அந்த முழக்கம் போயிற்றே என்று வருந்தினார்கள். வருத்தம் நியாயமானதே, ஆனால் அந்த மாறுதல் இல்லாவிடில் இன்று வருந்துவதற்குக்கூடக் கம்பெனி இராது. ரெட்டிச் கம்பெனியாரின் கடைசி வண்டியாக 1970-ல் நின்றுபோன இன்டர்செப்டர் என்ற பெயர், 2018-ல் இரட்டைச் சிலிண்டர் வண்டியாகத் தமிழ்நாட்டில் மறுபிறவி எடுத்து இங்கிலாந்தின் வீதிகளுக்கே சென்றது. 2024-25 நிதி வருஷத்தில் ராயல் என்பீல்டு 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விற்றது. மூடப்போன கடை இந்நிலைக்கு வந்ததைக் கண்டு பெருமைப்படுவதில் தவறில்லை.

பெருமையோடு கூட ஒரு கவலையும் நமக்கு உண்டு. 2016-ல் மஹிந்திரா கம்பெனியைச் சேர்ந்தவர்கள் பி.எஸ்.ஏ. என்ற பெயரை வாங்கினார்கள். 2020-ல் டி.வி.எஸ். கம்பெனியார் நார்ட்டனை 1 கோடியே 60 லட்சம் பவுனுக்கு வாங்கினார்கள். இங்கிலாந்தில் வேறொருவரால் உயிர்ப்பிக்கப்பட்ட டிரையம்பின் 400 ஸி.ஸி. வண்டிகள் 2023 முதல் புனாவுக்கு அருகில் சாகனில் பஜாஜ் ஆலையில் தயாராகின்றன. ஒருகாலத்தில் நம்மை ஆண்டவர்களின் தொழிற்பெயர்கள் இன்று நம்மவர் வசத்தில் இருக்கின்றன. ஆனால் இதே பெயர்கள் முந்திய சொந்தக்காரரைக் காப்பாற்றவில்லை என்பதை மறக்கலாமா? பெயரைப் பத்திரம் எழுதி வாங்கிவிடலாம். தொழில்நுட்பத்தை அப்படி வாங்க முடியாது. அதை ஒவ்வொரு தலைமுறையும் உழைத்தே சம்பாதிக்க வேண்டும். ஞாபகத்தை விற்றுப் பிழைக்கும் வியாபாரம் அந்த ஞாபகமுள்ள தலைமுறையோடு தீர்ந்துபோகும்.

தொழிலின் போக்கும் வேகமாக மாறிவருகிறது. 2020 ஏப்ரல் முதல் அமுலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளால் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் மறைந்து, மின்கருவி அளந்து பெட்ரோலைச் செலுத்தும் முறை வந்துவிட்டது. 2024 நவம்பரில் ராயல் என்பீல்டு கம்பெனியாரே மின்சார மோட்டார் சைக்கிளைக் காட்சிக்கு வைத்து, இரண்டாவது உலக யுத்தத்தில் பாராசூட்டில் இறக்கப்பட்ட தங்கள் சிறு வண்டியின் 'பிளையிங் பிளீ' என்ற பெயரையே அதற்குச் சூட்டினார்கள். புகை குறைவது நாட்டுக்கு நன்மை. அதை நாம் எதிர்க்கவில்லை. புதுமையோடு சேர்ந்து வரும் வேறொன்றைத்தான் எதிர்க்கிறோம். வண்டியின் கோளாறு இன்னதென்று அறியவே தனியான மின்கருவி வேண்டியிருக்கிறது. அக்கருவியும் அதன் விவரங்களும் பெரும்பாலும் கம்பெனி ஏஜெண்டுகளிடமே இருக்கின்றன. தெருமுனையில் பட்டறை வைத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கவும் சிரமப்பட்டாலும் எஞ்சினைக் கரைத்துக் குடித்த மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பணம் கொடுத்து வாங்கியவனுக்கோ தன் சொத்தைத் திறந்து பார்க்கும் சுதந்திரமும் இல்லை. இது சொத்தா, குத்தகையா?

நம் நாட்டு யந்திர ஞானம் பெரிய கலாசாலைகளில் மட்டும் வளர்ந்ததன்று. இத்தகைய பட்டறைகளில், பையன்கள் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே கற்ற ஞானம் அதில் பெரும் பங்கு. பட்டறையின் கதவை அடைத்தால் அந்த ஊற்றும் அடைபடும். பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் இலாகா 2022 ஜூலையில் ஒரு கமிட்டி அமைத்து, மோட்டார் வண்டிகளையும் அதில் சேர்த்தது. அவ்வருஷ டிசம்பரில் விவரங்களைத் திரட்டித் தரும் ஏற்பாடும் தொடங்கியது. கம்பெனிகள் மனமுவந்து தரும் தகவல்களைத் தொகுப்பதோடு இது நின்றுவிடலாகாது. ஒரு வண்டியின் உற்பத்தி நின்ற பின்பும் இத்தனை வருஷங்களுக்கு உறுப்புகள் கிடைக்க வேண்டும், பழுதுபார்க்கும் நூலும் கோளாறறியும் கருவியும் நியாயமான விலையில் எந்தப் பட்டறைக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டமே சொல்ல வேண்டும்.

பழைய வண்டிகளைப் பற்றிய விதியிலும் ஒரு குறை இருக்கிறது. 2021 ஜூலையில் வெளியான விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்டு அசல் உருவில் காக்கப்பட்ட வண்டிகளைப் புராதன வண்டிகளாகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வழக்கமான சவாரிக்கு அனுமதியில்லை. மற்ற வண்டிகளுக்கோ 15 வருஷம் ஆனதும் பதிவு முடிந்து, பரிசோதனைக்குப் பின் புதுப்பிக்கவேண்டியிருக்கிறது. இடைப்பட்ட 35 வருஷங்களை ஒரு வண்டி தாண்டினாலல்லவா அது புராதனம் ஆக முடியும்? இன்று பழைய இரும்பு என்று உடைத்துவிட்டால் நாளைக்குப் புராதனம் எங்கிருந்து வரும்? புகைப் பரிசோதனையிலும் பிரேக் பரிசோதனையிலும் தேறாத வண்டி ஓட வேண்டாம். தேறிய வண்டியை அதன் வயதுக்காகத் தண்டிக்க வேண்டாம். இதுவே நியாயம்.

அபிமானிகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டியைத் துடைத்து வைத்து வருஷத்துக்கு ஒரு முறை ஊர்வலம் போவதோடு உங்கள் கடமை தீர்ந்துவிடவில்லை. முதிய மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். அவர்கள் கையிலுள்ள வித்தையை இளைஞர்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள்; அவர்கள் சொல்வதைத் தமிழில் எழுதி அச்சிடுங்கள். பாயிண்டை எப்படிச் சரிசெய்வது, வால்வை எப்படித் தேய்த்து உட்காரவைப்பது என்ற சாதாரண விஷயங்களைக்கூட எழுதிவைக்காவிட்டால் அவை அழிந்துபோகும்.

தொழிற்சாலை நடத்துவோர் பழைய உருவத்தை விற்கிறார்கள்; விற்கட்டும். அந்த உருவத்தை ஜனங்கள் நேசித்ததன் காரணத்தை மாத்திரம் மறக்க வேண்டாம். உடையவன் அறியக்கூடியதாயும், உள்ளூர்ப் பட்டறையில் செப்பனிடக்கூடியதாயும், தகப்பனுக்குப் பின் மகனுக்கும் உழைக்கக்கூடியதாயும் இருந்ததால் அந்த வண்டி நேசிக்கப்பட்டது. மின்சார வண்டியிலும் இக்குணங்களை அமைக்க முடியும். அமைப்பவர்களுடைய பெயர் ஐம்பது வருஷங்களுக்குப் பின்னும் நிற்கும்.