வழிநூலின் புதுமை

ஒரு படைப்பைப் புதியது என்று எப்போது சொல்கின்றோம்? எவரும் அறியாத செய்தியைச் சொல்லும்போதா, எல்லாரும் அறிந்ததை வேறொரு முறையில் சொல்லும்போதா? தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல், வழி என இரண்டாகப் பகுத்தது; வழிநூலுக்குள் மொழிபெயர்ப்பையும் சேர்த்தது. வழிநூல் என்பது அங்கே இழிசொல் அன்று.

உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அவ்வகையினதே. அண்ணல் நபிகளாரின் வரலாறு புலவர் புனைந்ததன்று. காப்பிய நடை கம்பர் வகுத்த வழியில் வந்தது. இதனால் அதனைக் கம்பரின் நிழல் என ஒதுக்குவோர் உளர். அவர்கள் நாட்டுப் படலத்தைப் பொறுமையாகப் படித்தாரல்லர் என்றே கருதுகின்றோம். அரபு நாட்டு மலையில் அங்கே மழை பொழிகின்றது, வெள்ளம் பெருகுகின்றது, வயலில் நெல் விளைகின்றது. பூகோளப் பிழை என்பர் சிலர். தலைவன் பிறக்கும் நாட்டை வளமுடையதாகப் பாடுவது தமிழ்க் காப்பிய மரபு. நபிகளாரின் வரலாற்றை மாற்ற உமறுக்கு உரிமையில்லை. நிலத்தைப் பாடுவதில் இருந்தது. அந்தச் சிறிய இடத்துக்குள் பாலையை மருதமாக்கினாரே, அதுவே அவர்தம் புதுமை.

சிறந்த நூல் தானே நிலைத்துவிடும் என்பாரும் உளர். நம் பகுதி மாணவர் இதனை நம்பமாட்டார். எத்துணை உயர்ந்த தோலாயினும் உப்பிடாவிட்டால் அழுகிவிடும். முன்னாளில் ஆவாரம்பட்டையிலும் இந்நாளில் பெரும்பாலும் குரோமிய உப்பிலும் பதப்படுத்திய பின்னரே அது ஆம்பூரையும் வாணியம்பாடியையும் விட்டுக் கடல் கடக்கின்றது. தோலின் தரம் வேறு, பதம் வேறு.

பல்சந்தமாலைக்கு அப்பதம் வாய்க்கவில்லை. இஸ்லாமியத் தமிழ் நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் அதில் எஞ்சியவை 8 பாடல்களே. அவையும் களவியற்காரிகை உரையில் எடுத்துக்காட்டாக வந்தமையால் பிழைத்தன, அவ்வுரையை எஸ். வையாபுரிப்பிள்ளை 1931-இல் பதிப்பித்தார். பல்சந்தமாலை முதனூலா வழிநூலா, சிறந்ததா அன்றா என்று உரைக்க இன்று எவராலும் இயலாது. சீறாவுக்கோ புலவர் நாயகம் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் கிடைத்தார். 1842-இல் அதனை அச்சேற்றினார். 17ஆம் நூற்றாண்டுப் புலவரின் காப்பியம் அதுவரை ஏட்டை நம்பியே இருந்தது.

நம் வட்டாரத்து வீடுகளிலும் பழைய பெட்டிகளில் அரபுத்தமிழ் நூல்களும் முனாஜாத்துத் தொகுதிகளும் இருக்கக்கூடும். வீடு மாற்றும்போது இத்தகையவை பழைய தாள் விலைக்குப் போய்விடுகின்றன. துறை மாணவர் விடுமுறையில் வந்து நூற்பெயர், ஆசிரியர், அச்சான ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள விரும்பினால், பெரியோர் அப்பெட்டிகளைத் திறந்துகாட்ட வேண்டுகின்றோம்.