டிக்கெட்டைக் கசக்கி எறியாதீர்கள்

வேலைக்கோ படிப்புக்கோ சென்னைக்கு வருகிறவர்கள் ஒரு மாதத்தில் வழிகளைப் பழகிவிடுகிறார்கள். எந்த பஸ் எங்கே திரும்பும், எந்தப் பெட்டியில் ஏறினால் கிண்டியில் படிக்கட்டுப் பக்கம் இறங்கலாம் என்பதையெல்லாம் உடன் வேலை பார்ப்பவர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். விழுந்தால், அடிபட்டால், யாராவது சீண்டினால் எங்கே போவது என்பதைச் சொல்லித்தர ஆளில்லை. சட்டத்தில் வழி இருக்கிறது. பயணம் செய்ததற்குச் சான்றும் உடனடிப் புகாரும் இல்லாதவர்கள்தான் அந்த வழியில் திண்டாடுகிறார்கள்.

ரயிலிலிருந்து விழுந்தால்

2018 ஜூலை 24 அன்று பரங்கிமலை நிலையத்தில், மின்சார ரயில் வாசலில் தொங்கி வந்தவர்கள் பக்கச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். வழக்கமான புறநகர்த் தடத்தை விட்டு, விரைவு ரயில் தடத்தில் அன்று அந்த வண்டி போனது. தினமும் தொங்கிப் பழகியவர்களுக்கும் புதுத் தடத்தின் சுவர் தெரியாது. அடுத்த வண்டிக்குக் காத்திருப்பதுதான் பாதுகாப்பு.

ரயிலிலிருந்து தவறி விழுந்தால், ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். ரயில்வே மீது தவறு இருந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். காயத்துக்கு அதன் தன்மைக்கேற்ற தொகை. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்ததை, தானே வரவழைத்துக்கொண்ட காயம் என்று தள்ளிவிட முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விழுந்தவரிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அவர் பயணியே இல்லை என்று மறுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்புதான். ஆனால் பயணிதான் என்று முதலில் பிரமாணப் பத்திரம் தர வேண்டியவர் மனுதாரர். சீசன் டிக்கெட்டைப் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அந்த நேரத்தில் அது உதவும். ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.

குடிபோதையில் விழுந்தால் இந்த இழப்பீடு இல்லை. தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து அடிபட்டாலும் கிடைக்காது. நடைமேம்பாலம் ஏற அலுத்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்குவது 147-ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம்.

பஸ்ஸில் அடிபட்டால்

முதலில் 108 ஆம்புலன்ஸ். சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு, அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு.

இழப்பீட்டுக்கு மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது. ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபித்தால், இழந்த வருமானத்தையும் சிகிச்சைச் செலவையும் கணக்கிட்டுக் கேட்கலாம். நிரூபிக்க முடியாவிட்டாலும் 164-ஆம் பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் உண்டு. சிகிச்சைக்குப் பின் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டவர் அங்குள்ள தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம். 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

இங்கேதான் அந்தச் சின்னக் காகிதம் கணக்கில் வருகிறது. நடத்துநர் கிழித்துத் தரும் சீட்டு, நீங்கள் அந்த பஸ்ஸில் இருந்தீர்கள் என்பதற்கு நேரடிச் சான்று. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கும் பெண்களுக்குத் தரப்படும் சீட்டும் அப்படித்தான். காசு கொடுக்காததால் உரிமை குறையாது. இறங்கும் வரை சீட்டு கையில் இருக்கட்டும்; விபத்து நடந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

சீண்டலும் திருட்டும்

பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதிக்கப்பட்ட பெண் புகார் சொன்னால் பஸ்ஸை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோவது ஓட்டுநர், நடத்துநரின் கடமை. முறைத்துப் பார்ப்பது, விசிலடிப்பது போன்ற செயல்களையும் 2022-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிகள் குறிப்பிடுகின்றன. அப்படிப்பட்டவரை நடத்துநர் இறக்கிவிடலாம், காவல் நிலையத்திலும் ஒப்படைக்கலாம். ஆகவே "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்று நடத்துநர் சமாதானம் சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். "ஸ்டேஷனுக்கு வண்டியை விடுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

செல்போன் பறிபோன இடம் மாம்பலமா சைதாப்பேட்டையா என்று தெரியாமல் போகலாம். "இது எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. எல்லையைப் பார்க்காமல் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அதை வைத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கலாம்.

போனில் பதிந்து வைக்க

ரயில் புகாருக்கு 139, ரயில்வே போலீசுக்கு 1512, அரசு பஸ் புகாருக்கு 149, பெண்கள் உதவிக்கு 181, எந்த அவசரத்துக்கும் 112. பஸ் புகாரில் வண்டி எண், தடம், நேரம் மூன்றையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் விசாரிக்க ஆள் கிடைக்காது.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று வழக்கைக் கைவிட வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் குறைந்த வருமானக்காரர்களுக்கும், வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும் வக்கீல் இலவசம். அதற்கான எண் 15100.